ஐந்து வெள்ளியும் 555 புத்தகமும்

தம்பி அழைத்தபோது நான் ஒலிபரப்பில் இருந்தேன். பாட்டு ஓடிக் கொண்டிருந்தது. அடுத்து நான் பேச இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. கைப்பேசியை எடுத்தேன். "அக்கா, ரிவர்ஸ்ல போட்டா காடி நகர மாட்டேங்குது. எண்ணெய மிதிச்சா சத்தம் மட்டும் வருது. அப்பா முன் சீட்ல படுத்திருக்காரு" என்றான். அப்போதுதான் டயாலிசிஸ் முடித்து அப்பாவைக் காடியில் ஏற்றியிருக்கிறான். ரத்தம் சுத்திகரித்து முடிந்ததும் அவருக்கு ஒரு மணி நேரத்துக்காவது தலை சுற்றும். நான் கோலாலம்பூரில். அவர்கள் மலாக்காவில், ஒரு கடை வரிசையின் முன்னால், வெயிலில்.

பாட்டு முடிந்தது. "வணக்கம் நேயர்களே" என்று சிரித்துக் கொண்டே ஆரம்பித்தேன். சம்பளம் அதற்குத்தான்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதே கியர்பாக்ஸை 4,200 வெள்ளி கொடுத்து முழுசாகப் பிரித்துப் பழுதுபார்த்து. ரசீதில் 'வாரண்டி 6 மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர்' என்று பட்டறைக்காரர் தம் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா அதை அன்றைக்கே பார்த்துவிட்டு, "கேரண்டியெல்லாம் எழுதித்தான் குடுப்பாங்க. கடைசியில சாம்பார் ஊத்துற கரண்டிதான் மிஞ்சும்" என்றார். நாங்கள் சிரித்தோம்.

பட்டறைக்காரர் அந்நியர் இல்லை. ஜாசின் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்திலேயே வளர்ந்தவர். லயத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. மலாக்காவுக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கிலும், அடுத்துப் புக்கிட் அசகானிலும் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் நட்ட முதல் ஆள் அவர்தான். அந்த மரங்களுக்குப் பின்னால் வந்த தோட்டங்களில் ஒன்றில்தான் அப்பா இருபத்தெட்டு ஆண்டுகள் பால் லோரி ஓட்டினார். பிறகு செம்பனை வந்தது, தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறியது, நாங்கள் எல்லாம் தாமான்களுக்குப் போய்ச் சேர்ந்தோம். யார் எந்தத் தாமானுக்குப் போனாலும் கல்யாணம், கருமாதி, திருவிழா என்றால் தோட்டம் மறுபடி ஒன்று கூடிவிடும். அதனால்தான் ஊரில் பத்துப் பட்டறை இருக்க இவரிடம் கொடுத்தோம். 'நம்ம ஆளு.'

நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் அப்பாவை மாமா என்பார்.

முதல் தடவை அண்ணன் நன்றாகத்தான் நடந்து கொண்டார். "விடு தங்கச்சி, நான் பாத்துக்கிறேன்" என்றார். இழுவை லோரிக்கு 120 வெள்ளி நாங்கள் கொடுத்தோம். காடி ஒன்பது நாள் பட்டறையில் நின்றது. திரும்பி வந்தது. நான்காம் நாள் மறுபடி அதே கதை. இரண்டாவது இழுவைக்கு 130 வெள்ளி. இந்த முறை நேராக வீட்டுக்கே கொண்டு வந்து போர்ச்சில் நிறுத்தினான் தம்பி.

அண்ணனின் குரல் இப்போது மாறியிருந்தது. வாரண்டி சாமான்களுக்கு மட்டும்தானாம், கூலிக்கு இல்லையாம். கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும், 2,800 வெள்ளி ஆகும். அதற்கு மேல், "யாரோ வெளிய கியர் எண்ணெய மாத்தியிருக்காங்க. காடிய மலைக்கு ஏத்தி அடிச்சிருக்காங்க" என்று வேறு.

சனிக்கிழமை தாசேக் செலாத்தானில் பேருந்து ஏறி மலாக்கா சென்ட்ரலில் இறங்கி வீட்டுக்குப் போனேன். அம்மாவின் முதல் வார்த்தை: "வழக்கு கிழக்குன்னு போயிடாத. அவங்க அம்மா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

இங்கே என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். பயனீட்டாளர் உரிமை பற்றிய அரை நிமிட அறிவிப்புகளை எத்தனையோ முறை குரல் கொடுத்துப் பதிவு செய்திருக்கிறேன். 'தீர்ப்பாயம்' என்ற சொல்லை ஒரு எழுத்து பிசகாமல் உச்சரிப்பேன். அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன செய்வார்கள், எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நேயர்கள் அழைத்து வாங்கின சாமான் கெட்டுப் போனதைச் சொல்லும்போது, "அப்படியா, பார்த்து வாங்குங்க" என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொன்னதில்லை.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். வாங்கிய பொருளுக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன், சேவைக்கும் சேர்த்துத்தான். பிரிவு 53 சொல்வது எளிமையானது: காசு வாங்கிக் கொண்டு ஒரு வேலையைச் செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். ரசீதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இது உண்டு. அதாவது அண்ணன் எழுதிக் கொடுத்த ஆறு மாத வாரண்டி அவர் கூடுதலாகத் தந்த வாக்கு. அதற்கு அடியில் சட்டம் தானாகவே ஒரு வாக்கைப் போட்டு வைத்திருக்கிறது. 'கூலிக்கு வாரண்டி இல்லை' என்று எழுதி ஒட்டிவிட்டால் அது போய்விடுமா? போகாது. இந்தச் சட்டத்தை ஒப்பந்தத்தால் ஒதுக்கிவிட முடியாது என்று பிரிவு 6 இருக்கிறது. கடைச் சுவரில் தொங்கும் எத்தனை அட்டைகள் வெறும் அட்டைகள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

செய்த வேலை சரியில்லை என்றால் முதலில் செய்தவரிடமே சரிசெய்யச் சொல்ல வேண்டும். அவர் மறுத்தாலோ, நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டாலோ, வேறு இடத்தில் சரிசெய்து கொண்டு அந்தச் செலவை அவரிடம் கேட்கலாம். இந்த வரிசை முக்கியம். கோபத்தில் நேராக வேறு பட்டறைக்குக் காடியை இழுத்துப் போய்விட்டு வந்து நிற்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பட்டறைகளுக்கென்றே 2002-இல் தனி விதிமுறைகள் வந்திருக்கின்றன. வேலையைத் தொடங்குமுன் எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. எங்களுக்கு அண்ணன் சொன்ன மதிப்பீடு, "ஒரு நாலாயிரம் வரும் மாமா." அவ்வளவுதான்.

எண்ணிப் பார்த்தால் இந்த உரிமைகள் நமக்குச் சும்மா வரவில்லை. 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைத் தம் ஆயுள் முழுக்க வழிநடத்திய எஸ்.எம். முகமது இத்ரீஸ், தமிழ்நாட்டுக் கூத்தாநல்லூரில் பிறந்தவர். 2019-இல் அவர் காலமானபோது நாங்கள் வானொலியில் செய்தி வாசித்தோம். நானும் வாசித்தேன். அவர் எதற்காகப் பாடுபட்டார் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

அமெரிக்காவில் 1955-இல் ஒருவர் அன்னையர் தினப் பரிசாக மனைவிக்குப் புதுக் காடி வாங்கிக் கொடுத்தார். பத்தே நாளில், ஓட்டிக் கொண்டிருக்கும்போதே, ஸ்டியரிங் கழன்றாற்போல் திரும்பி வண்டி சுவரில் மோதியது. கெட்ட சாமானை மாற்றித் தருவோம், வேறு எதற்கும் பொறுப்பில்லை என்று வாரண்டித் தாளில் பொடி எழுத்தில் இருந்தது. அந்தப் பொடி எழுத்து செல்லாது என்று நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1960-இல் தீர்ப்புச் சொன்னது. பக்கத்துச் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் 'லெமன் சட்டம்' இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அந்தக் குறை இருந்தது என்று எடுத்துக் கொள்வார்கள்; இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவர் தலையில். பழைய காடிக்கும் அது பொருந்தும். நம் நாட்டிலும் அப்படி ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்று பயனீட்டாளர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மரியாதையாகத்தான். எந்தத் தேதியில் என்ன வேலை, எவ்வளவு பணம், எப்போது கெட்டது, பதினான்கு நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும் என்று ஒரே பக்கம். பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதம் போய்ச் சேர்ந்த அன்று மாலை அவர் அம்மா எங்கள் அம்மாவுக்குப் போன் செய்தார். என்ன பேசினார்கள் என்று அம்மா சொல்லவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

பதினான்கு நாள் போனது. பதில் இல்லை.

அந்த நாள்களை நான் ரொம்பச் சொல்ல விரும்பவில்லை. வாரம் மூன்று முறை அப்பா கிராப்பில் போய் வந்தார். போக 25 வெள்ளி, வர 25 வெள்ளி. தம்பிக்கு எல்லா நாளும் விடுப்புக் கிடைக்கவில்லை. ஒரு நாள் வண்டி வராமல் அஞ்சடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து மருந்துக் கடை மலாய்க்காரப் பெண் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக் கொண்டாளாம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவருடைய 555-இல் இருந்தது: 'கிராப் லேட். 50 நிமிசம். மிஸ்ஸி தண்ணி குடுத்தாங்க.'

555 என்ன என்று இளம் வாசகர்கள் கேட்கலாம். சட்டைப் பையில் அடங்கும் சின்னக் குறிப்புப் புத்தகம். தோட்டத்துக் கடையில் கடன் எழுதுவது அதில்தான். சம்பளத்தன்று கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் கணக்குத் தீர்ப்பார். பால் லோரி ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு நடைக்கும் நேரமும் மைலும் குறித்துக் கிராணியிடம் காட்ட வேண்டும் என்பதால் அப்பாவுக்கு அந்தப் பழக்கம். வேலை போயும் பழக்கம் போகவில்லை. பிஸ்கட் டின்னில் முப்பது நாற்பது 555 இருக்கின்றன. நாங்கள் பிள்ளைகள் அதைக் கிண்டல் செய்தே வளர்ந்தோம்.

மெர்லிமாவில் ஒரு வயதான சீன மெக்கானிக்கிடம் காடியைக் கொண்டு போனோம். கியர்பாக்ஸைப் பிரித்து, உள்ளே இருந்த கிளட்ச் பிளேட்களைத் துணியில் வரிசையாக வைத்துக் காட்டினார். சில புதுசு. மீதி கருகிப் போன பழசு. எங்கள் ரசீதில் 'முழு செட்' என்று இருந்தது. படம் எடுத்துக் கொண்டேன். பழைய சாமான்களைப் பையில் போட்டுக் கேட்டு வாங்கினேன். அவரிடம் மலாயில் அரைப் பக்கம் எழுதிக் கடை முத்திரை குத்தித் தரச் சொன்னேன். தயங்கினார்; யாருக்கும் பகையாளி ஆக அவருக்கு விருப்பமில்லை. "என்ன பார்த்தீங்களோ அத மட்டும் எழுதுங்க தவுக்கே" என்றேன். எழுதினார். வேலைக்கு 3,100 வெள்ளி வாங்கினார். இன்றுவரை காடி ஓடுகிறது.

பிறகு தீர்ப்பாயத்துக்குப் போனேன். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். ஆரம்பத்தில் அந்த வரம்பு 10,000 ஆக இருந்தது, பிறகு 25,000 ஆனது, 2019-இல் 50,000 ஆனது. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். 'பாரம் 1' என்ற ஒரே படிவம். கட்டணம் ஐந்து வெள்ளி. நான் இரண்டு முறை கேட்டேன். ஐந்து வெள்ளிதான். அன்று காலை நான் குடித்த தே தாரிக்கும் ரொட்டி சானாயுக்கும் அதை விடக் கொஞ்சம் கூட.

வழக்கறிஞர் வைத்துக் கொள்ள முடியாது. நாமும் வைக்க முடியாது, அவரும் வைக்க முடியாது. இதைக் கேட்டதும் தம்பி, "அப்ப யாரு பேசுறது?" என்றான். "நாமதான்." பெரிய கம்பெனியாக இருந்தாலும் அதன் ஆள் ஒருவர் வந்து நம் எதிரில் உட்கார்ந்து தானே பதில் சொல்லியாக வேண்டும். 3,100 பழுதுபார்ப்புக்கு, 250 இழுவைக்கு, 600 கிராப்புக்கு. மொத்தம் 3,950 வெள்ளி என்று எழுதினேன்.

இடையில் மாசி மகம் வந்தது. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு நாங்கள் எப்போதும் போவோம். தோட்டமே அங்கே இருக்கும். தண்ணீர்ப் பந்தலில் அண்ணன் மோர் ஊற்றிக் கொண்டிருந்தார். அப்பா நேராகப் போய்க் கையை நீட்டினார். அண்ணன் ஊற்றினார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது என்று அவர்கள் வேறு பக்கம் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. ஒரு அத்தை மட்டும் என்னைப் பிடித்துக் கொண்டு, "ரேடியோவுல பேசுற பிள்ளைக்கு நாலாயிரம் ஒரு காசாம்மா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நாலாயிரம் எனக்குக் காசுதான். அப்பாவுக்கு அது ஐம்பது நிமிடம்.

விசாரணை அன்று அப்பாவும் வருவேன் என்றார். கைத்தடியோடு வந்தார். நீதிமன்றம் போல் இருக்கும் என்று பயந்திருந்தேன். சின்ன அறை, மேசை, எதிரெதிரே நாற்காலிகள். தீர்ப்பாயத் தலைவர் ஓர் அம்மையார். எல்லாம் மலாயில். தினமும் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களிடம் பேசுகிறவள் நான். அங்கே என் குரல் நடுங்கியது.

அண்ணன் அதையேதான் சொன்னார்: காடியை மலைக்கு, வெளியூருக்கு எல்லாம் ஓட்டியிருக்கிறார்கள், எண்ணெயை மாற்றியிருக்கிறார்கள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் ரசீதையும் படங்களையும் மெர்லிமாவ் தவுக்கேயின் கடிதத்தையும் கொடுத்தேன். எங்கும் ஓட்டவில்லை என்பதற்கு என்னிடம் என் வாய்ச்சொல்தான் இருந்தது.

அப்பா சட்டைப் பையிலிருந்து 555-ஐ எடுத்து மேசையில் வைத்தார்.

அக்டோபர் 12, மீட்டர் 91,340: 'கியர்பாக்ஸ் முடிஞ்சு வந்தது.' ஜனவரி 9, மீட்டர் 93,870: 'டயாலிசிஸ் வாசல்ல நின்னு போச்சு.' இடையில் ஒவ்வொரு நடையும். வீடு, டயாலிசிஸ், பசார், கோயில். ஒரு நாள்கூட நூறு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. தலைவருக்குத் தமிழ் தெரியாது. எண்களும் தேதிகளும் தெரியுமே. பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு அண்ணனிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். கடைசிப் பக்கங்களில் கிராப் கணக்கு இருந்தது. ஐம்பது நிமிடமும் இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியும்.

பேசித் தீர்த்துக் கொள்ள விருப்பமா என்று தலைவர் இரு தரப்பையும் கேட்டார். அப்படிச் சமரசம் செய்து வைப்பதும் அவர்களுடைய வேலைதான். கிராப் செலவு 600-ஐ விட்டுவிடலாம் என்று அப்பா என் காதில் சொன்னார். எனக்கு மனமில்லை, ஆனால் அஞ்சடியில் உட்கார்ந்தவர் அவர். 3,350 வெள்ளி, இரண்டு தவணை: முதலில் 2,000, அடுத்த மாதம் 1,350. அது அன்றைக்கே தீர்ப்பாக எழுதப்பட்டது. தீர்ப்பை மதிக்காவிட்டால் அது கிரிமினல் குற்றம், அபராதமோ சிறையோ உண்டு என்று அந்த அம்மையார் விளக்கியபோது அப்பா தரையைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில் அண்ணன் என்னிடம் வந்தார். "பிளேட் மாத்துனது நான் இல்ல தங்கச்சி. வேலைக்கு இருந்த பையன். இப்ப அவனும் இல்ல." பாதி நம்பினேன். ரசீது எழுதிய கை அவருடையதுதானே. அதைச் சொல்லவும் செய்தேன். "ஆமா" என்றார்.

முதல் தவணை வங்கிக் கணக்குக்கு வந்தது. இரண்டாவதை அவரே வீட்டுக்குக் கொண்டு வந்தார், உறையில் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் அன்று வீட்டில் இருந்தேன். அம்மா காப்பி கலக்கினார், எனக்குக் கூடக் கொடுக்காத பெரிய குவளையில். அப்பா நோட்டுகளை எண்ணிவிட்டு 555-ஐ எடுத்துத் தேதி போட்டு, '1,350 வந்தது' என்று எழுதி, அவரிடம் காட்டினார்.

அண்ணன் கிளம்பிப் போர்ச்சுக்கு வந்தவர் காடியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து பின் டயரை அமுக்கிப் பார்த்தார்.

"காத்து கம்மியா இருக்கு மாமா. நாளைக்கு டயாலிசிஸ் போறப்ப பட்டறைப் பக்கமா வரச் சொல்லுங்க, அடிச்சு விடுறேன்."

அப்பா அதையும் எழுதிக் கொண்டார்.